ரெட்கார்: ஆறிப்போன செங்கல்

பிரிட்டனின் எஃகு நகரங்களை நாம் எண்களாகவே நினைவில் வைத்திருக்கிறோம். 1980இல் ஷாட்டனில் ஒரே அறிவிப்பில் 6,500 பேருக்கு மேல், அதே ஆண்டு கான்செட்டில் சுமார் 3,700, 2015இல் ரெட்காரில் சுமார் 2,200, 2024இல் போர்ட் டால்பட்டை மையமாக வைத்து 2,800 வரை. இந்த வரிசையில் ரெட்கார் மட்டும் எனக்குத் தொண்டையில் சிக்கிய முள். மற்ற ஊர்களில் ஆலையை மூடுவதா வேண்டாமா என்று மாதக்கணக்கில் சண்டை நடந்தது, ஊர்வலம் நடந்தது, ஏதோ ஒரு தரப்பு தோற்றது. ரெட்காரில் அந்தச் சண்டைக்கே நேரம் கிடைக்கவில்லை. 2015 செப்டம்பர் 18இல் உற்பத்தி நின்றது, அக்டோபர் 12இல், நிலக்கரியை வேகவைத்து கோக் என்ற எரிபொருளாக்கும் கோக் அடுப்புகளையும், அந்தக் கோக்கை எரித்துத் தாதுவிலிருந்து இரும்பு எடுக்கும் ஊதுலையையும் மூடும் அறிவிப்பு வந்தது. நடுவில் இருந்தது 24 நாள். அந்த 24 நாளில் போனது வேலை மட்டும் என்றால் திரும்பி வர வழி இருந்திருக்கும். சூடு போய்விட்டது. சூடு என்று நான் சொல்வது உவமை இல்லை, தெர்மாமீட்டரில் பார்க்கும் சூட்டைத்தான்.

எஃகு விலை சரிந்தது, சீனாவிலிருந்து மலிவுச் சரக்கு வந்து குவிந்தது, பிரிட்டனில் மின்கட்டணம் அதிகம் என்ற காரணங்கள் பலமுறை எழுதப்பட்டவை. எல்லாம் உண்மை. ஸ்லாப் எனப்படும் எஃகுப் பாளத்தின் விலை ஒரே ஆண்டில் ஏறக்குறைய பாதியானது. ஆனால் விலை சரிந்தால் ஆலை நஷ்டப்படும், அவ்வளவுதான். நஷ்டத்தில் ஓடுகிற ஆலை எந்த நிமிடத்தில் இனி ஓடவே முடியாத ஆலையாகிறது? அந்த நிமிடத்தை யார் தீர்மானிக்கிறார்கள்? இதைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. காரணம், பதில் பொருளாதாரத்தில் இல்லை, செங்கல்லில் இருக்கிறது.

ஊதுலையைத் தூங்க வைக்கலாம்

ரெட்காரின் ஊதுலை 1979இல் வந்தது. நாளொன்றுக்கு சுமார் 10,000 டன் இரும்பு வடிக்கக் கூடியது. ஐரோப்பாவிலேயே இரண்டாவது பெரியது என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். டீஸ் ஆற்றின் முகத்துவாரத்தில், கடற்கரையை ஒட்டி நின்றது. சிட்னி துறைமுகப் பாலத்தின் எஃகில் பெரும்பகுதி இதே டீஸ் கரையின் டார்மன் லாங் ஆலைகளிலிருந்து போனது. ஆக, இரும்பு அந்த ஊருக்கு வெறும் பிழைப்பு மட்டும் இல்லை.

ஊதுலை என்பது நிறுத்தக்கூடாத அடுப்பு. மேலிருந்து கோக்கும் இரும்புத்தாதும் சுண்ணாம்புக்கல்லும் அடுக்கடுக்காக விழுந்துகொண்டே இருக்கும். கீழே சுற்றிலும் உள்ள ஊதுகுழாய்கள் வழியே ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடான காற்று பீறிட்டு உள்ளே போகும். அடித்தொட்டியில் 1,500 டிகிரியில் இரும்பு தேங்கும், அதன்மேல் உருகிய கழிவான கசடு மிதக்கும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை திறப்புவாயைத் துளைத்து இரும்பை வடிப்பார்கள், பிறகு களிமண் கலவையை அடித்து அடைப்பார்கள். ஒருமுறை பற்றவைத்தால் 15, 20 ஆண்டுகள் இப்படியே ஓடும். முன்னேற்பாடு இல்லாமல் காற்றை நிறுத்தினால் அடித்தொட்டியில் கிடக்கும் இரும்பும் கசடும் இறுகி ஒரே பாறையாகிவிடும். உலைக்காரர்கள் அந்தப் பாறையை 'சாலமாண்டர்' என்பார்கள். நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள அதை வெடிவைத்துத்தான் பெயர்க்க வேண்டியிருக்கும்.

முறையாகச் செய்தால் ஊதுலையைத் தூங்க வைக்க முடியும். சில நாளோ சில வாரமோ என்றால் கோக்கைக் கூடுதலாகப் போட்டு, ஊதுகுழாய்களைக் களிமண்ணால் அடைத்து, உள்ளே கனலை மட்டும் காப்பாற்றி வைப்பார்கள். நம் வீட்டில் விறகடுப்பைச் சாம்பலால் மூடி வைப்பது போலத்தான். மாதக்கணக்கு என்றால் வேறு வழி. மேலிருந்து சரக்குப் போடுவதை நிறுத்தி, உள்ளே மட்டத்தை மெல்ல மெல்ல இறக்குவார்கள். இறங்க இறங்க உச்சியில் வாயுவின் சூடு ஏறும், அதைத் தண்ணீர் தெளித்து அடக்குவார்கள். ஆபத்து இங்கேதான். தெளிப்பு அளவு தப்பினால் நீராவியிலிருந்து ஹைட்ரஜன் பிறக்கும். கார்பன் மோனாக்சைடு ஏற்கெனவே உள்ளே நிறைந்திருக்கும். காற்று எங்காவது நுழைந்தால் வெடிக்கும். மட்டம் ஊதுகுழாய் வரை இறங்கியதும் வழக்கமான திறப்புவாய்க்கும் கீழே புதிதாக ஒரு துளை போட்டு மிச்ச இரும்பை வடித்துவிடுவார்கள். அதன் பிறகு உலை குளிர்ந்தாலும் கவலை இல்லை. மறுபடி பற்றவைக்கப் பழைய ரயில் கட்டைகளும் கோக்கும் அடுக்கி, சூடான காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் போதும்.

ரெட்கார் இதை ஒருமுறை செய்தே காட்டியது. ஸ்லாப் வாங்குவதாகப் பத்தாண்டு ஒப்பந்தம் போட்டிருந்த நான்கு நிறுவனங்கள் 2009இல் பாதியில் விலகின. டாடாவின் கைக்கு வந்திருந்த கோரஸ் நிறுவனம் 2010 பிப்ரவரியில் ஊதுலையைத் தூங்க வைத்தது. 2011இல் தாய்லாந்தின் எஸ்.எஸ்.ஐ. நிறுவனம் ஆலையை 46.9 கோடி டாலருக்கு வாங்கியது. 2012 ஏப்ரலில் உலை மறுபடி பற்றியது. இரண்டு ஆண்டு இருட்டுக்குப் பிறகு ஒரு ஊதுலை எழுந்து நின்றது. இது சாதாரணச் செய்தி இல்லை. அப்படி எழ முடிந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், அந்த இரண்டு ஆண்டும் ரெட்கார் கோக் அடுப்புகள் அணையாமல் ஓடிக்கொண்டிருந்தன.

கோக் அடுப்புக்குத் தூக்கம் கிடையாது

ஒரு டன் இரும்புக்கு 300 முதல் 500 கிலோ கோக் வேண்டும். நிலக்கரியைக் காற்றுப்படாமல் பதினாறு, இருபது மணி நேரம் வேகவைத்தால் கோக் கிடைக்கும். அதற்கான அடுப்பு தனி அடுப்பு இல்லை, பத்துக்கணக்கான அறைகள் புத்தக அலமாரியில் புத்தகம் போலப் பக்கம்பக்கமாக நிற்கும் பேட்டரி. ஒவ்வொரு அறையும் ஆளுயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு உயரம், பதினைந்து மீட்டர் வரை நீளம், அகலம் மட்டும் அரை மீட்டருக்கும் குறைவு. இரண்டு அறைக்கு நடுவில் உள்ள சுவருக்குள் வாயு எரியும். சுவர் சூடாகி, அந்தச் சூடு கரிக்குள் இறங்கும்.

அந்தச் சுவர் சிலிக்கா செங்கல். சாதாரணத் தீச்செங்கல்லைப் போடாததற்குக் காரணம் உண்டு. 1,200, 1,300 டிகிரியில் ஆண்டுக்கணக்கில் பாரம் தாங்கினாலும் சிலிக்கா தொய்வதில்லை. 700 டிகிரிக்கு மேல் போய்விட்டால் அதன் அளவும் அநேகமாக மாறுவதில்லை. ஆகவே சூடான நிலையில் அதைவிட நம்பகமான சுவர் கிடையாது. 30, 40 ஆண்டு நிற்கும்.

ஆறினால்தான் வினை. சூடு 270 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது சிலிக்காவுக்குள் இருக்கும் கிரிஸ்டோபலைட் என்ற படிகம் சட்டென்று வடிவம் மாறிச் சுருங்கும். 160 டிகிரியிலும் 120 டிகிரி பக்கத்திலும் டிரிடிமைட் என்ற இன்னொரு படிகம் அதையே செய்யும். கல்லுக்குக் கல் சுருக்கம் ஒரே சீராக இருக்காது. பதினைந்து மீட்டர்ச் சுவர் முதன்முறை சூடேறும்போது 15, 20 சென்டிமீட்டர் நீண்டிருக்கும். வெளியே இருக்கும் எஃகுத் தூண்களும் ஸ்பிரிங் போட்ட இழுகம்பிகளும் அந்த நீட்சியை விட்டுக்கொடுத்தபடியே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆறும்போது சுவர் பின்வாங்கும், இழுகம்பி தளரும், காரை இணைப்புகள் வாய் பிளக்கும், ஆயிரக்கணக்கான மயிரிழை விரிசல் விழும். மறுபடி சூடேற்றினால் அந்த விரிசலுக்குள் கரித்தூள் புகுந்துவிட்டிருக்கும், மூடாது. அறையின் வாயு நேரே எரியும் பாதைக்குள் கசியும், புகைபோக்கியில் கரும்புகை கிளம்பும், கோக் வேகாது. ஆறிய பேட்டரியை மீட்டெடுத்த கதைகள் அரிது. பெரும்பாலும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். புதிதாகக் கட்டியதையும் அவசரமாகச் சூடேற்ற முடியாது. தொடக்கத்தில் நாளுக்குச் சில டிகிரி வீதம், மொத்தம் இரண்டு மூன்று மாதம்.

ஆகவே கோக் அடுப்புக்காரர்களுக்கு ஒரே விதி. கரி இல்லையா, விற்பனை இல்லையா, பரவாயில்லை, சுவரை ஆறவிடாதே. காலி அறையின் கதவுகளைப் பூசி அடைத்து, சுவரின் சூட்டை அந்த 700 டிகிரிக்கு மேலேயே பிடித்து வைக்க வேண்டும். செய்யக்கூடிய வேலைதான். உலகத்தில் பல ஆலைகள் செய்திருக்கின்றன. ஆனால் சிக்கல் ஒன்று உண்டு. சாதாரண நாளில் அடுப்பை எரிப்பது அடுப்பிலிருந்தே வரும் வாயு. அதில் பாதிக்கு மேல் ஹைட்ரஜன், கால்வாசி மீத்தேன். அதே வாயுவும் ஊதுலை வாயுவும் சேர்ந்துதான் ஆலையின் மின்நிலையத்தை ஓட்டும், மின்நிலையம் நீராவியும் கரண்டும் கொடுத்து அடுப்பின் பம்புகளை ஓட்டும். ஒன்றை ஒன்று தாங்கி நிற்கும் வட்டம் இது. கரி வரத்து நின்றால் வட்டம் அறுந்துவிடும். அதன்பின் வெளியிலிருந்து இயற்கை வாயுவைக் காசு கொடுத்து வாங்கி எரிக்க வேண்டும், ஷிப்ட் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். நிறுவனத்திடம் காசு இல்லாத நாளில்தான் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

2015 செப்டம்பர் 28இல் எஸ்.எஸ்.ஐ. மறுபடியும் 'தூங்க வைக்கிறோம்' என்றுதான் அறிவித்தது, 1,700 வேலை போகும் என்றது. ஊரில் பலர் 2010ஐ நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டார்கள். அக்டோபர் 2இல் எஸ்.எஸ்.ஐ.யின் பிரிட்டிஷ் கிளை கலைப்புக்குப் போய், ஆலை அஃபிஷியல் ரிசீவர் என்ற அரசு அதிகாரியின் பொறுப்பில் வந்தது. கலைப்பதிகாரியின் சட்டக் கடமை கடன் கொடுத்தவர்களுக்கு. நஷ்டத்தை நீட்டிக்க அவருக்கு அதிகாரம் இல்லை, வெளியிலிருந்து யாராவது பணம் தந்தால் ஒழிய. ஐரோப்பிய ஒன்றிய விதிகள் எஃகு நிறுவனங்களுக்கு மீட்புதவி தரத் தடை செய்கின்றன என்று அரசு சொன்னது. பத்து நாள் ஓடியது. வாங்க ஆள் இல்லை, அடுப்பை அணைக்கிறோம் என்று அக்டோபர் 12இல் அறிவிப்பு வந்தது. என் கணக்கில் அந்த ஊரின் எஃகு வரலாறு முடிந்த தேதி அதுதான். ஊதுலையை வெடிவைத்துத் தகர்த்தது 2022 நவம்பரில். அது ஈமச்சடங்கு.

விதி தடுத்தது என்ற வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். அந்தத் தடை உண்மையில் இருந்தது. தீயை ஆறு மாதம் காப்பாற்றியிருந்தாலும் வாங்க ஆள் வந்திருப்பார் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. உலகச் சந்தையில் எஃகு விலை 2015 கடைசியில் அடிமட்டத்தைத் தொட்டு 2016 வசந்தத்தில் வேகமாக ஏறியது. அதே 2016இன் பிற்பகுதியில் கோக் கரி விலையும் எகிறியது. ஆனால் ஒன்றை மட்டும் என்னால் ஒதுக்க முடியவில்லை. ஆலை அணைந்த பிறகும் அரசு செலவு செய்துகொண்டேதான் இருந்தது. அபாய வாயுக் குழாய்களைச் சுத்தம் செய்ய வேண்டும், தார், பென்சால் தொட்டிகளைக் காவல் காக்க வேண்டும், காற்று நுழையாமல் நைட்ரஜன் அடித்து வைக்க வேண்டும். அதற்காகவே அரசு ஒரு தனி நிறுவனத்தைத் தொடங்கி ஆண்டுக்கணக்கில் நடத்தியது. சூடாக வைத்திருக்கக் காசு இல்லை என்ற கஜானா, ஆறியதைப் பாதுகாக்கக் காசு தேடிக் கொடுத்தது.

ஆளுக்கு 45 நாள்

ஆட்குறைப்புச் சட்டம் பிரிட்டனில் தெளிவாகவே இருக்கிறது. 90 நாளுக்குள் ஒரே இடத்தில் 20 பேரையோ அதற்கு மேலோ நீக்குவதாக இருந்தால் முதல் நீக்கத்துக்கு 30 நாள் முன்பே தொழிற்சங்கத்தோடு கலந்தாலோசனை தொடங்க வேண்டும். 100 பேர் என்றால் 45 நாள், 2013 ஏப்ரலுக்கு முன் இது 90 நாளாக இருந்தது. ஆட்குறைப்பை முன்கூட்டித் தெரிவிக்கும் ஹெச்.ஆர்.1 படிவம் அரசுக்குப் போக வேண்டும். 'ஒரே இடம்' என்ற சொல்லில் பெரிய ஓட்டை உண்டு. வூல்வொர்த்ஸ் சங்கிலிக்கடைகள் 2009 ஜனவரியில் மூடியபோது சுமார் 27,000 பேர் வேலை இழந்தார்கள். 20 பேருக்குக் குறைவான கடைகளில் வேலை பார்த்தவர்களுக்கு, கலந்தாலோசிக்காததற்கான நஷ்டஈடு கிடைக்கவில்லை. ஒவ்வொரு கடையும் தனி இடம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது.

ரெட்காரில் 45 நாளும் இல்லை, கொடுக்க முதலாளியும் இல்லை. நிறுவனம் திவாலானால் பணம் அரசின் தேசிய இன்ஷூரன்ஸ் நிதியிலிருந்து வரும், சட்டம் சொல்லும் குறைந்தபட்சம் மட்டும். 41 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒன்றரை வாரச் சம்பளம், 22 முதல் 40 வரை ஒரு வாரம், அதற்குக் கீழே அரை வாரம். அதிகபட்சம் 20 ஆண்டுதான் கணக்கில் சேரும். வாரச் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் 2015இல் உச்சவரம்பு 475 பவுண்டு. 24 ஆண்டு உழைத்த 45 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கடைசி 20 ஆண்டில் 16க்கு 16 வாரம், நான்குக்கு 6 வாரம், ஆக 22 வாரம், 10,450 பவுண்டு. கலந்தாலோசிக்காததற்காக, வேலை வழக்குகளை விசாரிக்கும் டிரிப்யூனல் அப்போது அதிகபட்சம் 90 நாள் சம்பளம் விதிக்க முடிந்தது, ரெட்கார் தொழிலாளர்களுக்குச் சங்கங்கள் வழக்குப் போட்டு அப்படியொரு ஆணை வாங்கின. வாரம் 600 பவுண்டு சம்பளக்காரருக்கு 90 நாள் என்றால் சுமார் 7,700. ஆனால் திவாலான நிறுவனத்துக்காக அரசு நிதி தருவது எட்டு வாரம் மட்டும், அதுவும் 475 வீதம், 3,800. சம்பளப் பாக்கி இருந்தால் அதுவும் இந்த எட்டு வாரத்துக்குள்ளேயே அடங்கிவிடும்.

பக்கத்தில் போர்ட் டால்பட்டை வைத்துப் பாருங்கள். அங்கே டாடா உயிரோடு இருக்கும் நிறுவனமாக மூடியது. 2024 மார்ச்சில் கோக் அடுப்பு, ஜூலையில் ஓர் ஊதுலை, செப்டம்பர் 30இல் இரண்டாவது. பேரம் பேச மாதங்கள் இருந்தன. ஆண்டுக்கு 2.8 வாரச் சம்பளம், 25 ஆண்டு வரை. அதே 24 ஆண்டு, 600 பவுண்டு ஆளுக்கு இந்தக் கணக்கில் 40,000 பவுண்டுக்கு மேல் வரும். காலம் வேறு, பணத்தின் மதிப்பும் வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பத்தாயிரத்துக்கும் நாற்பதாயிரத்துக்கும் நடுவில் இருக்கும் தூரம் பெரும்பாலும் அவகாசத்தின் விலை. பழைய இரும்பை மின்சாரத்தால் உருக்கும் மின்வில் உலைக்கு 125 கோடி பவுண்டுத் திட்டமும் அதில் அரசின் 50 கோடியும் அந்த அவகாசத்தில்தான் பேசி முடிந்தன.

ரெட்காருக்கு அரசு அறிவித்தது 8 கோடி பவுண்டு உதவி. அதில் சுமார் 3 கோடி, சட்டப்படி எப்படியும் கொடுத்தே ஆக வேண்டிய ஆட்குறைப்புப் பணம். அதையும் உதவிக் கணக்கில் சேர்த்துச் சொன்னதை ஊர் மன்னிக்கவில்லை, நானும் மன்னிக்கவில்லை. மீதி மறுபயிற்சிக்கும் சிறுதொழிலுக்கும் போனது. மறுபயிற்சி என்ற சொல் கேட்க நன்றாக இருக்கும், நடைமுறையில் அது காகிதப் பிரச்சினை. எலெக்ட்ரீஷியனுக்குச் சான்றிதழ் உண்டு, வேறு ஆலைக்குப் போய்விடலாம். கசடின் நிறத்தைப் பார்த்தே உலைக்குள் என்ன குறை என்று சொல்லிவிடும் உலைக்காரரிடம் முப்பது ஆண்டு அறிவு இருக்கிறது, வெளியே காட்ட ஒரு துண்டுத் தாள் இல்லை. அவர் லாரி லைசென்ஸ் எடுக்கப் போவார். ஆலை இருக்கும்வரை மட்டுமே மதிப்புள்ள அறிவு அது, ஆலையோடு சேர்ந்து ஆறியது.

ஸ்கன்தார்ப்பில் ஒரு சனிக்கிழமை

ஸ்கன்தார்ப் ஆலையில் நான்கு ஊதுலைகள், நான்கும் அரசிகளின் பெயரில்: மேரி, பெஸ், ஆன், விக்டோரியா. 2025இல் ஓடிக்கொண்டிருந்தவை ஆனும் பெஸ்ஸும். சொந்தக் கோக் அடுப்புகள் 2023இலேயே மூடப்பட்டுவிட்டதால் உலைத்தீனி இம்மிங்ஹாம் துறைமுகத்துக்கு வரும் கப்பலை நம்பியிருந்தது. நாளுக்கு 7 லட்சம் பவுண்டு நஷ்டம் என்று சொன்ன உரிமையாளரான சீன நிறுவனம் ஜிங்யே, 2025 மார்ச்சில் மூடலுக்கான கலந்தாலோசனையைத் தொடங்கியது. 2,700 வேலை வரை ஆபத்தில் இருந்தது. அடுத்த சரக்குக்கு ஆர்டர் போகவில்லை என்பது தெரிந்ததும் நாளெண்ணிக்கை தொடங்கிவிட்டது. தீனி தீர்ந்தால் அடித்தொட்டி இறுகும்.

ஏப்ரல் 12, சனிக்கிழமை, ஈஸ்டர் விடுமுறையில் இருந்த நாடாளுமன்றத்தைக் கூட்டினார்கள். ஒரே நாளில் இரு அவையிலும் சட்டம் நிறைவேறி அன்றே அமலுக்கு வந்தது. மூலப்பொருள் வாங்கு, உலையை ஓட்டு, சம்பளம் கொடு என்று நிறுவனத்துக்கு உத்தரவிடவும், மறுத்தால் தானே உள்ளே புகுந்து நடத்தவும் அமைச்சருக்கு அதிகாரம் வந்தது. சில நாளில் மூலப்பொருள் ஏற்றிய கப்பல்களிலிருந்து சரக்கு இறங்கியது. இரண்டு உலையும் அணையவில்லை. ஆட்குறைப்புக் கலந்தாலோசனை அதே மாதம் கைவிடப்பட்டது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறியிருந்தது, அரசு மாறியிருந்தது, தாதுவிலிருந்து இரும்பு எடுக்கும் உலை நாட்டில் இவை இரண்டுதான் மிச்சம் என்ற பயமும் இருந்தது. எல்லாம் சரி. ஆனால் அந்தச் சனிக்கிழமை விவாதத்தின் மையமாக இருந்தது நான் இவ்வளவு நேரம் சொன்ன அதே விஷயம், உலை ஆறினால் திரும்பாது. 2015இலும் இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். உலைக்காரர்கள் அன்றே சொன்னார்கள். சட்டத்தில் ஆளுக்கு 45 நாள் எழுதியவர்கள், சுவருக்கு ஒரு நாள்கூட எழுதி வைக்கவில்லை. 2025 சட்டமும் ஓர் ஆலையின் நெருக்கடிக்காக அவசரத்தில் தைத்த சட்டை. தொடர்ந்து எரியும் உலையும் அடுப்பும் உள்ள எந்த ஆலையும், கண்ணாடி உலை உட்பட, திவாலாகும் நாளில் சூட்டை இத்தனை வாரம் காப்பாற்றும் செலவு யாருடையது என்று முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாங்க ஆள் வருவாரா மாட்டாரா என்பது அதற்குப் பிறகு பேசும் பேச்சு.

ரெட்கார் பழைய ஆலை நிலத்துக்குப் பக்கத்தில் லாக்கன்பியில் உத்தர உருட்டாலை ஒன்று இன்னும் ஓடுகிறது. கட்டடங்களுக்கான எஃகு உத்தரங்களை அங்கே உருட்டி எடுக்கிறார்கள். ஒரு காலத்தில் அதற்கான எஃகு அதே வளாகத்தில் வடிந்தது. இப்போது ஸ்கன்தார்ப்பில் ஆனும் பெஸ்ஸும் வடிக்கும் இரும்பு எஃகாகி, ரயிலேறி அங்கே போய்ச் சேருகிறது.